வலி மாத்திரையும் மருந்துதான்

(முன்னாள் மாணவர் கூடுகை நாளன்று பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



செயலாளர் அவர்கள் பத்து நாளைக்கு முன்னால் போனில் கூப்பிட்டு, "உங்க துறை அனுபவத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். சுண்ணாம்புக்கல், கில்ன், கன்வேயர், பேரிங், இதுதான் என் உலகம். அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் என் மனைவியே எழுந்து போய்விடுவார். அதனால், "வலி மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டார்.

மெக்கானிக்கல்தான். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லப்போகிற மருத்துவ விஷயங்களை ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஏன் இந்தத் தலைப்பு என்பது போகப்போகத் தெரியும்.

காலையில் நடந்த கிரிக்கெட் மேட்சை எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் பேட்ச் தோற்றதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பத்துப் பதினைந்து வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று ஓடினால் என்ன ஆகுமோ அது ஆனது. மேட்ச் முடிந்து வராந்தாவில் வந்து விழுந்ததும் ஒரு நண்பர், "யார்கிட்டயாவது பெயின் கில்லர் இருக்கா?" என்று கேட்டார். உடனே மூன்று பையிலிருந்து மூன்று அட்டை வெளியே வந்தது. தண்ணீர் பாட்டில் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. மூன்றையும் வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒன்று அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் கலந்தது. இன்னொன்று வேறு பெயர், வேறு நிறம். உள்ளே அதே அசிக்ளோஃபெனாக். மூன்றாவது டைக்ளோஃபெனாக். மூன்றும் ஒரே குடும்பம். கேட்ட நண்பர் முதல் அட்டையில் ஒன்றை ஏற்கெனவே போட்டிருந்தார். "அரை மணி ஆச்சு, கேக்கல" என்று சொல்லி இரண்டாவது அட்டைக்குக் கை நீட்டினார். அந்த அட்டை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஓடி விளையாடிய பிறகு வருகிற தசைவலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், அதற்குப் பிறகு தானாகவே இறங்கிவிடும். அதற்கு இவ்வளவு ஆயுதம் தேவையில்லை. ஆனால் நான் அட்டையைப் பிடுங்கியதற்குக் காரணம் அது இல்லை.

என் சொந்த ஊர் திருமானூர். கொள்ளிடத்தின் வடகரை. பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. அப்பா விவசாயி. நெல்லும் கரும்பும். நாங்கள் இந்தக் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்தது 2006. அந்த வருஷத்தை எங்கள் பேட்ச் மறக்காது, ஏனென்றால் அது சிக்குன்குனியா வந்த வருஷம். விடுதியில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனது ஞாபகம் இருக்கா? 1964இல் சென்னையில் பெரிய அளவில் வந்துவிட்டுப் போன காய்ச்சல் அது. பிறகு பல வருஷம் காணாமல் போய், 2005 கடைசியில் இந்தியாவுக்குள் திரும்பி வந்தது. 2006இல் மட்டும் நாடு முழுக்கப் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்திருக்கலாம் என்று அரசாங்கக் கணக்கு. சிக்குன்குனியா என்ற சொல் ஆப்பிரிக்காவில் தான்சானியாப் பக்கத்து மக்கோண்டே மொழியிலிருந்து வந்தது. வளைந்து போவது என்று பொருள். எங்கள் தெருவில் அந்த வருஷம் நிமிர்ந்து நடந்தவர்கள் குறைவு.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டுவலி போகாது. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும். அப்பாவுக்கு முழங்காலும் கணுக்காலும் பிடித்துக்கொண்டன. களத்துக்குப் போக வேண்டும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஊரில் ஒருவர் கடையில் வாங்கி ஒரு மாத்திரை கொடுத்தார். போட்டார். ஒரு மணி நேரத்தில் எழுந்து நடந்தார். அன்றைக்கு அது எங்கள் வீட்டுக்கு வந்த தெய்வம் மாதிரி இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வலியில் கிடக்கிற மனுஷனை எழுந்து நடக்கவைக்கிற பொருளைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் வந்த தெய்வம் வீட்டோடு தங்கிவிட்டது. காய்ச்சல் வலி போய் வயசான வலி வந்தது. முழங்கால் தேய்மானம். நடவுக்கு ஒன்று, கரும்பு வெட்டுக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் ஒன்று. 2010இல் எனக்கு வேலை கிடைத்த பிறகு அப்பா கடையில் வாங்குவதை நிறுத்தினார். ஏனென்றால் நான் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பழம், பலகாரத்தோடு பத்து அட்டை மாத்திரை. "பிள்ளை வாங்கிட்டு வந்துருக்கான்" என்று அம்மா அதைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். படித்த பிள்ளை. என்ஜினியர். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடும், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற வாசகமும் இருக்கும். எந்தக் கடையிலும் என்னிடம் சீட்டு கேட்டதில்லை, நானும் அந்த வாசகத்தைப் படித்ததில்லை. பம்ப் வாங்கினால் மேனுவலை அட்டையிலிருந்து அட்டை படிக்கிறவன் நான்.

2019 சித்திரை. நல்ல வெயில். அப்பாவுக்கு அப்போது 63 வயசு. அதற்கு மூன்று வருஷம் முன்பே பிரஷர் என்று சொல்லி எனலாப்ரில் கொடுத்திருந்தார்கள். காலில் வீக்கம் வருகிறது என்று நீர் பிரிகிற மாத்திரை ஒன்றும் சேர்ந்திருந்தது. அந்த வீக்கத்துக்கே வலி மாத்திரைதான் காரணமாக இருந்திருக்கலாம் என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த வாரம் வயலில் வேலை, கூடவே இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. உடம்பெல்லாம் அசதி, கால் வலி என்று நாளைக்கு மூன்று மாத்திரை போட்டிருக்கிறார். நான்காம் நாள் வாந்தி. சிறுநீர் சரியாகப் போகவில்லை. முகம் உப்பிவிட்டது. பாலத்தைத் தாண்டித் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு இளம் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண். "என்னென்ன மருந்து சாப்பிடுறார்?" என்று கேட்டார். அம்மா பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டினார்கள். "வேற ஏதாவது?" "வேற எதுவும் இல்லீங்கம்மா." நானும் பக்கத்தில் நின்று இல்லை என்றுதான் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. எங்கள் மனசில் அது மருந்துக் கணக்கில் வரவே இல்லை. அந்த டாக்டர் விடவில்லை. "வலிக்கு ஏதாவது போடுவாரா?" என்று கேட்டார். அம்மா வெகு சாதாரணமாக, "அது எப்பவும் போடுறதுதான்" என்றார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் கொண்டுட்டு வாங்க" என்றார்.

என் தம்பி பைக்கில் போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தான். மேஜையில் கொட்டினால் நான்கு கம்பெனி அட்டைகள். இரண்டு நான் வாங்கியவை, ஒன்று உள்ளூரில் ஊசி போட்டவர் கொடுத்தது, இன்னொன்று அத்தை வீட்டிலிருந்து வந்தது. நாலுக்கும் நாலு பெயர், நாலு நிறம். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி எனக்குக் காட்டினார். இரண்டில் டைக்ளோஃபெனாக், இரண்டில் அசிக்ளோஃபெனாக். "மாத்தி மாத்திப் போட்டா நல்லதுன்னு நெனச்சேன்" என்று அப்பா படுக்கையிலிருந்து சொன்னார்.

கிரியாட்டினின் 4.8. இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பதினேழு நாள் இருந்தோம். தப்பித்தார். சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுதாக வரவில்லை. 1.6இல் நின்றுவிட்டது.

அந்தப் பதினேழு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மெக்கானிக்கல்காரனுக்குப் புரிகிற மாதிரி இதைப் படித்தேன். ஆஸ்பிரினை 1897இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். எழுபது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்கச் சாப்பிட்ட பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்பதே தெரிந்தது. 1971இல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்பவர் கண்டுபிடித்தார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விஷயம் இதுதான். நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு வகைப் பொருள் உற்பத்தியாகிறது. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவது அதுதான். இந்த மாத்திரைகள் எல்லாம், ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், நைமசுலைட், எட்டோரிகாக்ஸிப், எதுவானாலும் அந்த உற்பத்தியை நிறுத்துகின்றன. வலி குறைகிறது.

சிக்கல் எங்கே என்றால், அதே பொருள் வேறு இடங்களில் நல்ல வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இரைப்பையின் உள்சுவரை அதன் சொந்த அமிலத்திலிருந்து காப்பது அதுதான். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயை, தண்ணீர் வற்றுகிற நேரத்தில் விரித்துப் பிடிப்பதும் அதுதான். மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் நிறுத்துகிறது.

இரைப்பையை விட்டுவிட்டு வலியை மட்டும் நிறுத்துகிற மாதிரி ஒன்றைச் செய்யலாமா என்று பெரிய கம்பெனிகள் முயற்சி செய்தன. அப்படி 1999இல் வந்த ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகிறது என்று தெரிந்து 2004இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு இந்தியாவிலும் தடை செய்தார்கள். இருதயத்துக்கு ஆபத்து அந்த ஒன்றோடு முடியவில்லை. ஆஸ்பிரினைத் தவிர்த்து இந்தக் குடும்பம் முழுக்கவே, கூடவோ குறையவோ, அது உண்டு. இருதய நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013இல் சொல்லிவிட்டது.

அப்பா கேஸுக்கு வருகிறேன். சிறுநீரகம் ஒரு ஃபில்டர். உள்ளே வருகிற பைப், வெளியே போகிற பைப், நடுவில் சல்லடை. சல்லடை வேலை செய்ய பிரஷர் வேண்டும். எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரை, வெளியே போகிற பைப்பைக் கொஞ்சம் விரிக்கிறது. தனியாக இருந்தால் நல்லதுதான், சல்லடையைக் காப்பாற்றக்கூடச் செய்யும். நீர் பிரிகிற மாத்திரை தொட்டியின் மட்டத்தையே இறக்குகிறது. வலி மாத்திரை உள்ளே வருகிற பைப்பைச் சுருக்குகிறது. இன்லெட்டை மூடி, அவுட்லெட்டைத் திறந்து, டேங்க் லெவலையும் குறைத்தால் ஃபில்டருக்கு பிரஷர் எங்கேயிருந்து வரும்? அதோடு வெயில், வயிற்றுப்போக்கு வேறு.

இதை நான் ஒரு காகிதத்தில் படம் போட்டு அப்பாவிடம் காட்டினேன். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப வரத்து மடையை அடைச்சுட்டோம், வடிகாலைத் தொறந்து விட்டுட்டோம், ஆத்துலயும் தண்ணி இல்ல. வயல் காயாம என்ன தம்பி பண்ணும்?" நாலு வருஷம் பி.இ. படித்தவன் போட்ட படத்தைவிட அது நன்றாக இருந்தது.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடாத வீடு குறைவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் அதே வீட்டில் இன்னொரு டப்பாவில் வலி மாத்திரையும் இருக்கிறது. ஒரு டப்பாவுக்கு இன்னொரு டப்பா இருப்பது தெரியாது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பா அம்மாவின் இரண்டு டப்பாவையும் ஒரே மேஜையில் கொட்டிப் பாருங்கள். கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள்; அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷினில் பேரிங் சூடானால் இன்டர்லாக் வேலை செய்து மெஷின் தானாக நின்றுவிடும். சில சமயம் உற்பத்தி நிற்கக்கூடாது என்று அந்த இன்டர்லாக்கை பைபாஸ் செய்து ஓட்டுவோம். பைபாஸ் தப்பு இல்லை. ஆனால் அதற்கு ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. யார் செய்தது, எதற்காக, எத்தனை மணி நேரத்துக்கு, கூடவே வேறு எந்த பைபாஸ் போட்டிருக்கிறது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் முடிந்தால் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் அலாரம் அடிக்காது. பேரிங் எரிந்த பிறகுதான் தெரியும். வலி என்பது உடம்பு போட்டுவைத்திருக்கிற ட்ரிப். மாத்திரை ஒரு பைபாஸ். பதின்மூன்று வருஷமாக ரெஜிஸ்டரே இல்லாமல் எங்கள் வீட்டில் பைபாஸ் ஓடியிருக்கிறது. போட்டுக் கொடுத்தவன் நான்.

அந்த ரெஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும் என்று டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துதான். வலியை அடக்குகிற மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். டைக்ளோஃபெனாக் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, அவ்வளவுதான். டாக்டர் சொல்லாமல் சாப்பிடுகிற இபுபுரூஃபன் 1,200 மில்லிகிராமோடு நிற்க வேண்டும். இதெல்லாம் உச்சவரம்பு, இலக்கு இல்லை. மூன்று நாளில் அடங்காத வலிக்கு நான்காவது நாள் மாத்திரை வேண்டாம், டாக்டர் வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

பாரசிட்டமால் இந்தக் குடும்பம் இல்லை. வீக்கத்தைக் குறைக்காது, முழங்கால் தேய்மானத்துக்கு அவ்வளவாகக் கேட்பதும் இல்லை. ஆனால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் இவற்றைவிட ஆபத்து குறைவு என்பதால் முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும். வயசானவர்களும் மெலிந்தவர்களும் அதற்கும் குறைவாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும். சளி மாத்திரைக்குள்ளும், வலி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். தினமும் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் ஜாக்கிரதை. பாரசிட்டமால் கல்லீரலிலும், மற்றது இரைப்பையிலும் கை வைக்கும். இன்றைக்கு ராத்திரி நிகழ்ச்சியை மனசில் வைத்து இதைச் சொல்லவில்லை. (சிரிப்பு)

யார் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றால்: அறுபதைத் தாண்டியவர்கள், அல்சர் வந்தவர்கள், சிறுநீரகமோ இருதயமோ பாதிக்கப்பட்டவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள். இருதயத்துக்காகத் தினமும் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அதற்கு முன்னால் இபுபுரூஃபன் போட்டால் ஆஸ்பிரினின் பலனே கெட்டுப்போகலாம். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சுத் திணறல் வந்துவிடும். நைமசுலைட்டைப் பன்னிரண்டு வயசுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2011இலேயே தடை இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் கிடக்கிற அட்டையைப் பிய்க்காதீர்கள். மழைக்காலக் காய்ச்சலில் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். டெங்குவா சிக்குன்குனியாவா என்று முதல் நாளில் நமக்குத் தெரியாது, இரண்டிலும் உடம்பு முறித்துப் போடும். டெங்குவாக இருந்து இந்த வகை மாத்திரை போட்டால் ரத்தக் கசிவு அதிகமாகும். டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும் பாரசிட்டமால் மட்டும்.

"சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் பண்ணாது" என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். எரிச்சல் குறையும், உண்மைதான். புண் வராமல் தடுக்காது. ஏனென்றால் புண் வருவது மாத்திரை வயிற்றில் படுவதால் மட்டும் இல்லை. ரத்தத்தில் கலந்த பிறகு நடக்கிற வேலை அது. இதே காரணத்தால், "வயிறு ஒத்துக்கல, அதனால ஊசி போட்டுக்கிட்டேன்" என்பதும் அர்த்தமில்லாத பேச்சு. ஊசியாகப் போனாலும் இரைப்பைக்கு அதே கதி. ஊசியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தெரியாதவர் இடம் தவறிப் போட்டு நரம்பில் பட்டால் பாதம் தொங்கிப்போகும். நீண்ட நாள் சாப்பிட வேண்டியவர்களுக்கு இரைப்பையைக் காக்க ஒமிப்ரசோல், பான்டபிரசோல் மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அது இரைப்பைக்குத்தான், சிறுநீரகத்துக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், காபித் தூள் மாதிரி வாந்தி வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வயல் வேலை மறுநாள் இருக்கட்டும்.

கடையில் "ஒரு செட் குடுங்க" என்று கேட்பது பற்றி. அட்டையிலிருந்து கத்தரித்து நாலு மாத்திரையைச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். பெயர் இருக்காது. அதில் பல சமயம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரைப்பைப் புண்ணுக்கு வாய்ப்பு பல மடங்கு. கேட்பது அதிசயமாகக் கேட்கும், அதனால்தான் மறுபடியும் அதே கடைக்குப் போகிறோம். லேபிள் இல்லாத மூட்டுவலிச் சூரணம், லேகியம் எதற்கும் இதே சந்தேகத்தை வையுங்கள். ஒரே நாளில் முட்டிவலியைப் போக்குகிற பொடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கழுகைப் பற்றி ஒரு வார்த்தை. வராந்தாவில் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். நம் தாத்தா காலத்தில் செத்த மாட்டைச் சுத்தம் பண்ணிய பாறு கழுகுகள் 1990களில் இந்தியா முழுக்கக் கொத்துக்கொத்தாகச் செத்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டன. காரணம் 2004இல்தான் தெரிந்தது. வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் மாட்டுக்குப் போடத் தடை வந்தது. அதற்குப் பிறகும் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல், மனிதர்களுக்கான ஊசி மருந்து ஒரு தடவைக்கான 3 மில்லி அளவில்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கம்பெனிகள் வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்தக் கட்டுப்பாடு சரி என்று சொன்னது. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கிற பாறு கழுகுகளின் முக்கியமான இடம் நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கு. மனிதனின் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு மென்மையானது இல்லை, தெரியும். ஆனாலும் உள்ளே அப்பா படுத்திருக்க, வெளியே அதைப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கள் வீட்டிலும் இரண்டு மாடு இருக்கிறது. ஊசி போட வருகிறவரிடம் அப்பா இப்போது, "மெலாக்ஸிகாம்தானே?" என்று கேட்கிறார். அது கழுகைக் கொல்லாது என்று சோதித்துப் பார்த்த மருந்து.

அப்படியானால் அப்பாவின் முழங்கால்வலிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மாத்திரை முழுக்க நிறுத்தம். அவருக்கு இனி எந்தக் காலத்திலும் கூடாது. டாக்டர் அனுமதித்து டைக்ளோஃபெனாக் களிம்பு, அதுவும் வலி தாங்காத அன்றைக்கு மட்டும், ஒரு முட்டியில் மட்டும். களிம்பாகப் பூசினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் ஆறு சதவீதம் அளவுதான். நம் வயசுக்காரர்களுக்கு முழங்கால், விரல் மூட்டு வலி என்றால் மாத்திரைக்கு முன்னால் களிம்பைத்தான் பார்க்க வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்வதில்லை.

பிறகு உடற்பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கி ஐந்து எண்ணுகிற வரை பிடிக்க வேண்டும். தொடைத் தசை பலமானால் முழங்காலின் பாரம் குறையும். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது. முதல் மாதம் அப்பா, "இது என்ன சின்னப்புள்ள விளையாட்டு" என்றார். மூன்றாவது மாதம் மாட்டுக் கொட்டகை வரைக்கும் கம்பு இல்லாமல் போனார். எடையும் நாலு கிலோ குறைந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் துறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். வலி முழுக்கப் போய்விட்டதா? இல்லை. குளிர்காலத்தில் காலையில் எழும்போது முனகுவார். அந்த முனகலைக் கேட்கும்போதெல்லாம் என் கை பழைய பழக்கத்தில் டப்பாவைத் தேடும்.

இன்னொன்று, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வரை விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்குகின்றன என்றால் அது தேய்மானம் இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. வலி மாத்திரையால் மூடி வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே மூட்டு கரைந்துகொண்டிருக்கும். மூட்டு வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

அந்தப் பிஸ்கட் டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. இப்போது அதில் பிரஷர் மாத்திரையும் ஒரு நாற்பது பக்க நோட்டும். அப்பா நாலாவது வரை படித்தவர். எந்த மாத்திரை, என்றைக்கு, யார் சொன்னது என்று பென்சிலில் எழுதி வைக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் எண்ணையும் எழுதுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் கால்வலி என்று வந்தால், "உன் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்கிறார். ஆலையில் என் ஷிஃப்ட் ஆட்கள் பைபாஸ் ரெஜிஸ்டரைக்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். காலையில் அட்டையைப் பறிகொடுத்த நண்பர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தொடையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வாப்பா, அட்டையைத் தருகிறேன். அதற்கு முன்னால் பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று சொல்லிவிடு.